கார் சாவியும் பாதி ஸ்விங்கும்

எனக்கு வயது அறுபத்தெட்டு. இந்த வயதில் ஒரு மனிதனிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்வார்கள். முதலில் காபியிலிருந்து சர்க்கரையை எடுத்தார்கள். பிறகு ஊறுகாய் போனது. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க ஏணி ஏறக் கூடாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். போன தை மாதம் என் மகன் கார் சாவியைக் கேட்டான். அப்போது எனக்கு வந்த கோபத்தை எந்த மாத்திரையாலும் இறக்கியிருக்க முடியாது.

காரணம் ஒரு கீறல். காரின் இடது பக்கத்தில், முன்கதவில் தொடங்கிப் பின்கதவு வரை, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. எங்கே உரசியது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவன் பிடித்துக்கொண்டான்.

“ஒரசுனதுகூடப் பரவால்லீங்கப்பா. எங்க ஒரசுனீங்கன்னே தெரியலைங்கறீங்களே, அதுதானுங்க பயமா இருக்குது.”

“நிறுத்தி வெச்ச வண்டில எவனாச்சும் ஒரசிட்டுப் போயிருப்பான்.”

“நம்ம ஊட்டு கேட்டுக்குள்ள வந்தா?”

நான் திருச்செங்கோட்டுக்காரன். போர்வெல் ரிக் லாரியை ராஜஸ்தான் வரை ஓட்டிக்கொண்டு போனவன். மலைப்பாதையில் எதிரே யானை நிற்க, பின்னால் பள்ளம் இருக்க, நூல் பிடித்ததுபோல லாரியைப் பின்னால் எடுத்திருக்கிறேன். தொழிலை விட்ட பிறகு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மாடி அறையில் உட்கார்ந்தபடியே அமெரிக்காவுக்கு வேலை பார்க்கிறான். வாரத்தில் ஒரு நாள் வண்டி எடுப்பான், அதுவும் பிரியாணி வாங்க. அப்படிப்பட்டவன் எனக்கு வண்டி ஓட்டத் தகுதி இருக்கிறதா என்று கேட்கிறான்.

கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. “என்ற உடம்புக்கு என்னடா கொறச்சல்? இன்னைக்கும் கோல்ஃபுல நாலாங்குழில ஓடையத் தாண்டி அடிக்கறவன்டா நானு!”

அவன் கம்ப்யூட்டர் பிள்ளை. பேச்சில் ஒரு எண் வந்தால் உடனே பரிசோதிக்க வேண்டும். “சரிங்கப்பா. அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கெழமை உங்க கிரவுண்டுக்கு நான் வாரேன். மூணு பந்து. ஒண்ணு ஓடையத் தாண்டுனாக்கூடச் சாவி உங்களுது. ஒண்ணும் தாண்டலைன்னா என்றது. அதுவரைக்கும் அம்மாகிட்ட இருக்கட்டும்.”

கோல்ஃப் அடிப்பதற்கும் கார் ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியாது. கோபத்தில் பந்தயம் கட்டுகிறவர்கள் சம்பந்தம் பார்ப்பதில்லை. என் மனைவி சாவியை வாங்கி அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத, மகனுக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். தீபாவளிக்கு அப்புறம் ஒரு பந்துகூட நான் ஓடையைத் தாண்டி அடித்ததில்லை. இடது கையை மார்புக்கு மேலே விடுவதில்லை என்று என் தோள் முடிவு செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கோல்ஃப் என்றதும் டிவியில் வருகிற பச்சைப் பசேல் என்ற புல்வெளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மைதானம் வெண்ணந்தூர்ப் பக்கம் எட்டு ஏக்கர் வானம் பார்த்த பூமி. அது என் பழைய கூட்டாளியுடையது. நானும் அவனும் சேர்ந்துதான் முதல் ரிக் லாரியை வாங்கினோம். நான் லாரியை ஓட்டினேன். அவன் மிஷினில் நின்றான். பிற்பாடு அவன் ஆப்பிரிக்காவுக்கு போர் போடப் போன இடத்தில் ஒரு காண்ட்ராக்டர் அவனுக்கு கோல்ஃப் ஆடக் கற்றுக்கொடுத்து, ஒரு பை நிறையப் பழைய மட்டைகளையும் கட்டிக் கொடுத்துவிட்டார். தொழிலிலிருந்து ஒதுங்கிய ரிக் ஓனர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தோம். அந்தப் பை எங்கள் எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

புல் வளர்க்கத் தண்ணீர் வேண்டும். நாடு முழுக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். அந்த எட்டு ஏக்கரில் ஏழு இடத்தில் போர் போட்டோம். ஏழிலும் தண்ணீருக்குப் பதில் பாறைப் புகைதான் வந்தது. அதனால் குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக மணலைக் கொட்டி, புழுதி பறக்காமல் இருக்க லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயிலை எடுத்துவந்து ஊற்றி, உருளை போட்டு அமுக்கியிருக்கிறோம். கன்னங்கரேல் என்று இருக்கும் அதற்கு நாங்கள் கிரீன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்.

குழிகளின் கதை இதைவிட மோசம். கோல்ஃப் குழியின் அகலம் நாலேகால் அங்குலம். எங்களிடம் இருந்த பிட், அதாவது பாறையைத் துளைக்கிற முனை, ஆறரை அங்குலம். கடப்பாரையால் தோண்டலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ரிக் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, கம்ப்ரசரைப் போட்டு, ஆறு குழிகளையும் போட்டோம். என் கூட்டாளிக்கு ஓர் அடியில் மிஷினை நிறுத்திப் பழக்கமில்லை. கைப் பழக்கத்தில் முதல் குழி இருபது அடி இறங்கிவிட்டது. அதில் விழுந்த முதல் பந்து இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பிறகு ஆளாளுக்குத் திட்டி, கேசிங் பைப் துண்டுகளை இறக்கி, அடியில் கான்கிரீட் போட்டோம்.

டிவியில் ஒருவர் அடிக்கும்போது சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்களிடம் அந்த நாகரிகம் செல்லுபடியாகாது. கம்ப்ரசர் பக்கத்தில் முப்பது வருஷம் நின்ற காதுகள். என் கூட்டாளிக்கு இரண்டு காதும் சுத்தம். காது மிஷின் வாங்கி மாட்டிக்கொள்ளச் சொன்னால், “கேக்கற மாதிரி யாருப்பா பேசறா?” என்பான். நான் மட்டையை ஓங்கும் நேரம் பார்த்து அவன் பக்கத்து ஆளிடம் மகள் வீட்டு விசேஷத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருப்பான்.

இந்த மைதானத்தில் நான்காவது குழிக்கு முன்னால் ஒரு வறண்ட ஓடை குறுக்கே போகிறது. உள்ளே சீமைக்கருவேல முள். அடிக்கிற இடத்திலிருந்து அக்கரை முந்நூற்றைம்பது அடி. நாங்கள் எல்லாவற்றையும் அடிக் கணக்கில்தான் சொல்வோம்.

பந்தய விஷயத்தைக் கூட்டாளியின் காதருகே போய்ச் சொன்னேன். அந்த ஒரு மாதம் கையில் கார் இல்லாததால் சேலத்திலிருந்து பஸ்ஸில் போய்ச் சொன்னேன். ஏறியதுமே கண்டக்டர் ஒரு காலேஜ் பையனை எழுப்பிவிட்டு என்னை அங்கே உட்கார வைத்தார். அந்த மரியாதையை நான் கேட்கவில்லை.

கூட்டாளி என்னை அடிக்கச் சொல்லிப் பார்த்தான். பந்து ஓடையின் நடு முள்ளில் விழுந்தது. “வெய்ட்டு பத்தல மாப்ளே,” என்றான்.

எங்கள் தொழிலின் வேதம் அது. பாறை உடையவில்லை என்றால் பெரிய பிட், அதற்கும் உடையவில்லை என்றால் பெரிய கம்ப்ரசர். மனித உடம்பு அதில் எந்த இடத்தில் வருகிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. என்னை நேராகத் திருச்செங்கோட்டுக்கு அழைத்துப்போய், ரிக் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் உட்கார வைத்தான். தேய்ந்துபோன போர் பிட்டிலிருந்து ஒரு துண்டை அறுத்து மட்டையின் தலையில் வெல்டிங் வைத்தார்கள். மூன்று பேர் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்து, “இப்பத்தான் பொருளு மாதிரி இருக்குது” என்று சர்டிஃபிகேட் கொடுத்தார்கள்.

மறுநாள் அந்தப் பொருளை ஓங்கினேன். போகும்போது நான் அதைக் கொண்டுபோனேன். வரும்போது அது என்னைக் கொண்டுவந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அரைச் சுற்று சுற்றி, ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோளில் நட்சத்திரம் பறந்தது. கூட்டாளி தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, “சும்மா சொல்லக் கூடாது, சத்தம் நல்லா வந்துச்சு” என்றான். அவனுக்கே கேட்டிருக்கிறது என்றால் நான் எப்படி அலறியிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து யூடியூபில் இறங்கினேன். மூத்த ஆட்டக்காரர்களுக்கான ஸ்விங், அதாவது மட்டை வீச்சு, என்று தேடினால் நூறு வீடியோ வருகிறது. எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே, “நம் வயதுக்காரர்களுக்கு” என்று ஆரம்பிக்கிறார். அவருக்கு ஐம்பது வயது இருந்தால் அதிகம். புஜம் பலாப்பழம்போல இருக்கிறது. அவர் முழங்காலை மடக்கும் அழகைப் பார்த்தாலே அவருக்கு அதில் வலி என்ற ஒன்று நேர்ந்ததே இல்லை என்று தெரிகிறது. பல் முளைக்காத குழந்தை பல்செட்டுக்கு விளம்பரம் செய்வதுபோல இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

தோள் வலி தூங்கவிடாததால் கடைசியில் பிசியோதெரபி பார்க்கப் போனேன். வைத்தியம் பார்த்தவர் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். என் மகளாக இருக்கக்கூடிய வயது. நம் பக்கத்து இழுவை எதுவும் இல்லாமல் பேச்சு நறுக்கென்று இருந்தது.

“என்ன பண்ணணும் ஐயா?”

“ஓடை தாண்டோணுமுங்க.”

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு முழுக்கதையையும் சொன்னேன். சாவியைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் சொன்னதையெல்லாம் கேட்பது என்று தீர்மானித்தேன்.

“உங்க உடம்புல எது இன்னும் திரும்புது, எது திரும்பலன்னு முதல்ல பாத்துடலாம். தோளை அசைக்காம, கழுத்தை மட்டும் திருப்பி, பின்னாடி சுவத்துல இருக்கற கடிகாரத்தைப் பாருங்க. மணி என்ன?”

“பதினொண்ணே காலுங்க,” என்றேன்.

சரியாகத்தான் சொன்னேன். கையில் வாட்ச் கட்டியிருந்தேன். அவர் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இப்ப சொல்லுங்க.” வலது பக்கம் திருப்பினால் ஜன்னல் தெரிந்தது. இடது பக்கம் திருப்பினால் அலமாரியின் ஓரம் தெரிந்தது. கடிகாரம் இரண்டு பக்கமும் இல்லை.

“கழுத்து இனிமே பெருசா வராது ஐயா. தேஞ்சதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தோள் ஒரு மாசத்துல கொஞ்சம் வரும். முழுசா வராது. இருக்கறதை வச்சுத் திரும்பலாம்.”

மட்டையைப் பிடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அறையின் மூலையில் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் கை தனியாக வந்து விழுந்தது. அதை எடுத்து மாட்டிவிட்டு, கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் பார்த்திராத அந்தப் பெண், எனக்குக் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தார்.

வலது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, ஒரு சாண் பின்னால் வைக்கச் சொன்னார். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது இடது குதிகால் தரையை விட்டு எழும்பட்டும் என்றார். முழங்கை மடங்கினால் மடங்கட்டும். கை மார்பு உயரத்துக்கு வந்தவுடன் நிறுத்த வேண்டும். அதற்கு மேலே போவது பழைய நினைப்பு, அதனால் பந்துக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

“குதிகால் எழும்பினா இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பினா தோள் வரும். தோளோட தலையும் தானா வரும். கழுத்துக்கு வேலையே இல்ல.”

“தலைய அசைக்கக் கூடாதுங்களே? இந்த ஆட்டத்துல மொதப் பாடமே அதுதானுங்க.”

“அது முப்பது வயசுக்காரங்களுக்குச் சொன்னதா இருக்கும் ஐயா.”

பலத்தைக் குறைக்கச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஆயுள் முழுக்க ஆக்ஸிலேட்டரை அமுக்கிப் பழகிய கால். மெதுவாக ஓங்கு, மெதுவாக இறக்கு என்றால் ஏதோ திருட்டு வேலை செய்வதுபோலக் கூச்சமாக இருந்தது. மட்டையும் லேசாக வேண்டும் என்றார். கூட்டாளியின் பையில் அப்படி ஒன்றுதான் இருந்தது, அந்தக் காண்ட்ராக்டர் மனைவியுடையது. பிடியில் ரோஸ் கலர் ரப்பர். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி ஆண்மையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

தினமும் காலையில் போர்ட்டிகோவில் பந்தில்லாமல் ஆடினேன். குதிகால், இடுப்பு, தோள், தலை. என் மனைவி வாசலைப் பெருக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, சாமியாடறவருகூட உங்களவிட நேரா நிப்பாருங்க” என்றாள். இன்னொரு நாள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, சிரிக்காமலே கேட்டாள். “சாவியக் குடுத்துட்டாத்தான் என்னங்க? பக்கத்துல உக்காந்து வேடிக்க பாத்துட்டு வரலாமல்லங்க?”

நான் மறுபடியும் குதிகாலைத் தூக்கினேன். பயந்துபோயிருந்தேன், அதுதான் உண்மை. சாவி கையை விட்டுப் போனால் எங்கே போவதென்றாலும் ஒருவரைக் கேட்க வேண்டும். மகன் தட்டவே மாட்டான், நல்ல பிள்ளை. மீட்டிங் முடிஞ்சதும் போலாமுங்கப்பா என்பான். கேட்டுப் போகிறவன் பாதி இடங்களுக்குப் போகாமலே இருந்துவிடுவான். என் அப்பா அப்படித்தான் ஒரு நாற்காலியில் வந்து முடிந்தார். அவரைக் கூட்டிப்போகாமல் இருந்தவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் அஞ்சறைப் பெட்டியிலிருந்து சாவியை எடுத்து அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். சாவியில் சீரக வாசம் அடித்தது. வேப்பமரத்தடியில் வண்டியை மூக்கு உள்ளே போக நிறுத்தினான். பன்னிரண்டு ரிக் ஓனர்களும் ஓடைக்கரையில் வரிசையாக நின்றிருந்தார்கள். விஷயம் பரவியிருந்தது. அவர்களில் எட்டுப் பேருடைய மகன்களும் அப்பாவின் கார் சாவியின்மேல் கண் வைத்திருந்தார்கள். அதனால் அன்று நான் தனியாள் இல்லை.

முதல் பந்து. கூட்டத்தைப் பார்த்ததும் புத்தி மாறிவிட்டது. பழையபடி முழுசாக ஓங்கினேன். தோள் கத்தியது. பந்து முள்ளுக்குள் போனது.

இரண்டாவது பந்துக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் வெய்ட்டைப் போடு என்றார், ஒருவர் வேட்டியைத் தூக்கிக் கட்டு என்றார், நான் பேண்ட் போட்டிருந்தேன். பதற்றத்தில் பந்தின் உச்சியில் தட்டினேன். அது ஓடைவரை உருண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விழுந்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு ஜெயிக்க ஆசையில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

மூன்றாவது பந்தை வைத்தேன். யாரையும் பார்க்கவில்லை. குதிகாலைத் தூக்கினேன். இடுப்பு திரும்பியது, தோள் வந்தது, கூடவே தலையும் வந்தது. கை மார்புக்கு வந்ததும் நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே ஒருத்தன் கெஞ்சினான். அவனுக்குக் கொடுக்கவில்லை. மெதுவாக இறக்கினேன். டக் என்று சின்னச் சத்தம். பந்து அவசரமே இல்லாமல் எழும்பி, முள்ளுக்கு மேலே போய், அக்கரை மண்ணில் விழுந்து புழுதி கிளப்பியது.

அப்படி ஒரு கூச்சல் எங்கள் முதல் போரில் தண்ணீர் பீய்ச்சியபோதுதான் கேட்டது. கூட்டாளி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டான். மகன் இரண்டு கையாலும் சாவியை நீட்டினான். “ஜெயிச்சுட்டீங்கப்பா.” எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. “ஏறு சாமி, ஊட்டுக்குப் போலாம்,” என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

பழைய கார், பின்னால் கேமரா கிடையாது. கண்ணாடியில் வேப்பங்கிளையும் புழுதியும் தெரிந்தன. ரிவர்ஸ் போட்டு, பின்னால் பார்க்கத் தலையைத் திருப்பினேன். ஜன்னல் தெரிந்தது. அதோடு நின்றது. குதிகாலைத் தூக்கலாம் என்றால் அது பெடலில் இருந்தது. இடுப்பைத் திருப்பலாம் என்றால் பெல்ட் பிடித்திருந்தது. இத்தனை நாள் கற்றுக்கொண்ட எதுவும் அந்தச் சீட்டில் உட்கார்ந்தபடி செய்யக்கூடியதாக இல்லை. மீதி இருந்தது வெறும் கழுத்து. கார் ஓரடி நகர்ந்துவிட்டது. பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எப்போதிலிருந்து இப்படித் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் தெரியவில்லை.

பிரேக்கை மிதித்து, என்ஜினை அணைத்து, இறங்கிப் பின்பக்கம் போனேன்.

பம்பரின் இடது மூலைக்கு ஒரு முழம் தள்ளி என் கூட்டாளி நின்றிருந்தான். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்து விழுந்த இடத்தை யாருக்கோ கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். “முந்நூத்தம்பது அடி! ஒரே அடி! என்ற மாப்ள!” என்று கத்திக்கொண்டிருந்தான். என்ஜின் ஓடியதோ நின்றதோ அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தி நிறுத்தினேன். என்ன என்பதுபோலப் பார்த்தான். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன். மகன் இறங்கி வந்து நாங்கள் நின்ற இடத்தையும் பம்பரையும் பார்த்தான். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாவியை அவன் கையில் வைத்தேன்.

“ஜெயிச்சது நீங்கதானுங்களேப்பா.”

“ஜெயிச்சது நாந்தான். நீ ஓட்டு சாமி.”

வீட்டுக்குப் போகும் வழியில் எதிரே லாரி வந்தபோதெல்லாம் என் வலது கால் அந்தப் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் மிதித்த ஒவ்வொரு முறையும் அவன் வேகத்தைக் குறைத்தான்.